முதல் சுற்று உபசாரத்துக்கு அல்ல

சிரித்துக்கொண்டே எழுதினீர்கள். முதல் சுற்றில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். சீட்டைக் கையில் வாங்கியபோது ஒரு சிரிப்பு. பேனாவைத் திறந்தபோது ஒரு சிரிப்பு. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தவர்களைப் போல இன்னொரு சிரிப்பு.

அடடா, வணக்கம் சொல்லவே மறந்துவிட்டேன். பொறுங்கள், மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, ஒவ்வொரு பெயரையும் ஓங்கிப் படித்து, ஒருவர் பக்கமும் சாயாமல் இந்த அவையை நடத்தும் தலைவர் அவர்களே! இந்தச் சலவைக்கூடத்தில் முதல் இயந்திரம் வந்து இறங்கிய நாளில் அதைத் தோள்கொடுத்துத் தூக்கிவைத்த மூத்தவர்களே! ஈரத்துணியின் எடையை இடுப்பில் ஏந்தியும் இன்முகம் மாறாத தாய்மார்களே! மலைபோல் மூட்டைகளை ஏற்றியும் இறக்கியும் முதுகு வளைந்தாலும் சொல்லில் வளையாத அண்ணன்மார்களே! நான் மடித்த விரிப்புகளை எனக்குத் தெரியாமல் பிரித்து, மறுபடி ஒழுங்காக மடித்துவைக்கும் மடிப்பு மேஜை அக்காமார்களே! கடைசி வரிசையில் வலது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, மகள் எங்கே மயங்கி விழுவாளோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே! கறையோடு வருவதைக் கறையில்லாமல் அனுப்பும் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். இப்போது? சரி. இதற்குமேல் எனக்குக் குரல் இல்லை. நீங்கள்தான் கொஞ்சம் அமைதியாக இருந்து எனக்கு உதவ வேண்டும்.

நான் ஏன் மேடையேறினேன் என்பது உங்களுக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் நம் தொழிலாளர்களுக்கு ஓர் இடம். அந்த ஓர் இடத்துக்கு நான்கு பேர். முதல் சுற்று எண்ணி முடிந்தது. பலகையைப் பாருங்கள். வண்டி ஓட்டும் அண்ணனுக்குப் பதினேழு. கவுன்டர் அண்ணிக்குப் பதினைந்து. நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆவி அக்காவுக்கு ஒன்பது. மடிப்பு மேஜைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத எனக்கும் ஒன்பது. பாதிக்குமேல் யாருக்கும் இல்லை. ஆகவே கடைசியில் இருப்பவர் விழ வேண்டும். கடைசியில் இருவர் இருப்பதால், இருவரும் மேடையேறிப் பேச வேண்டும். பிறகு எங்களில் யார் நிற்பது, யார் விழுவது என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். இதுதான் நம் விதி.

எனக்குமுன் ஆவி அக்கா பேசினார். பேசினார் என்றா சொன்னேன்? ஒரே வரி சொன்னார். "சின்னப் பொண்ணு, அவ அம்மா பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், நான் அவளுக்கே விட்டுக்குடுத்துடறேன்" என்றார். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். கூரைத் தகரம் அதிரக் கைதட்டினீர்கள்.

நான் தட்டவில்லை. என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை அக்கா. பயம். போன வருடமும் இதே கூடத்தில் இதே போலக் கைதட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைதட்டல் என் வீட்டில் என்ன செய்தது என்றும் தெரியும்.

போன வருடம் நான் இங்கே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். அம்மா தேர்தலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னம்மா, யார் ஜெயிச்சாங்க என்று கேட்டேன்.  அப்போது அம்மா சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அம்மா, சொல்லட்டுமா? தலையாட்டுகிறார். தைரியமாகச் சொல்கிறேன்.

அன்று மூன்று பேர் நின்றார்கள். அண்ணன், அண்ணி, ஆவி அக்கா. காலையில் நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் அம்மா நனைந்துகொண்டு நின்றாராம். கவுன்டர் அண்ணி ஓடிவந்து தன் குடைக்குள் அம்மாவைச் சேர்த்துக்கொண்டு, தன் ஒரு தோள் முழுக்க நனைய, இந்த வாசல்வரை கூட்டிவந்தாராம். அண்ணி, நீங்கள் மறந்திருப்பீர்கள். அம்மா மறக்கவில்லை. முதல் சுற்றில் சீட்டைக் கையில் வாங்கியதும் அம்மாவுக்கு அந்த நனைந்த தோள்தான் ஞாபகம் வந்தது. அண்ணியின் பெயரை எழுதினார்.

அம்மா மனதில் இருந்தவர் யார்? ஆவி அக்கா. அம்மா எழுதியது யாரை? அண்ணியை.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர், அண்ணன் தன் பையனை வண்டியில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டதற்காக அண்ணனை எழுதினார். அவருக்கு அடுத்தவர், அண்ணிக்கு ஒன்றுமே விழாமல் போனால் முகம் வாடிவிடுமே என்று அண்ணியை எழுதினார். எல்லோரும் மனதுக்குள் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டார்கள்: அக்காவுக்கு எப்படியும் விழும். எப்படியும் விழும், எப்படியும் விழும் என்று கூடம் முழுக்க நினைத்தது. அக்காவுக்கு விழவில்லை. அக்காதான் விழுந்தார்.

எத்தனை சீட்டில் தெரியுமா? ஒரே ஒரு சீட்டில். அண்ணியைவிட ஒன்று குறைவு.

இன்னொன்றும் சொல்கிறேன். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்று அக்கா தன் சீட்டில் யார் பெயரை எழுதினார்? தன் பெயரைத் தானே எழுதுவது அசிங்கம் என்று நினைத்து, அவரும் அண்ணியின் பெயரைத்தான் எழுதினார். அக்கா, தலையைக் குனியாதீர்கள். நீங்களே அம்மாவிடம் சொன்னதுதானே?

அடுத்த சுற்று வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை என்றார் அம்மா. இனி விளையாட்டில்லை, உண்மையில் யார் வேண்டுமோ அவரை எழுதுவோம் என்று எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். அங்கே இரண்டே பெயர்கள். தேடிய பெயர் இல்லை. அக்காவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டாராம். தலைவர் என்ன செய்வார்? விழுந்தவர் விழுந்தவர்தான்.

நம் தொழிலில் வைத்தே கேட்கிறேன். முதல் அலசலில் ஒரு துணி சாயம் போய்விட்டது. இரண்டாம் அலசலில் அந்தச் சாயம் திரும்பி வருமா? அலசிய தண்ணீரைக் கெஞ்சினால் தருமா? வராது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியிருக்க, இந்தப் பெட்டியிடம் மட்டும் எப்படி எதிர்பார்த்தோம்? சுற்றுச் சுற்றாக நடக்கும் இந்தத் தேர்தலில் கடைசிச் சுற்றுதான் பெரிது என்று நினைக்கிறோம். கடைசிச் சுற்றில் யார் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்வது எது? முதல் சுற்று! நாம் ஒத்திகை என்று நினைத்த சுற்று, உபசாரம் என்று நினைத்த சுற்று, எப்படியும் விழும் என்று அசந்திருந்த சுற்று.

அன்று வாசற்படியில் உட்கார்ந்து அம்மா சொன்னது இதுதான்: "அவங்க நல்லவங்கன்னு எல்லாருக்கும் தெரியும்டி. தெரிஞ்சதாலதான் யாரும் அவங்களுக்குப் போடல."

அண்ணன் ஜெயித்தார், நீங்கள் கைதட்டினீர்கள். அண்ணன் கெட்டவரா? இல்லவே இல்லை. அண்ணனே, நீங்கள் முன்வரிசையில் இருப்பதால் பயந்துகொண்டு சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். நம்மில் யார் வீட்டிலும் பீரோ நகர்த்த வேண்டுமென்றால் முதலில் வருபவர் நீங்கள்தான். ஆனால் உங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ஆகட்டும் அண்ணன். நாம் போய்ச் சொன்னால் நமக்கும் ஆகட்டும். மேலாளர் வந்து சொன்னால் அவருக்கும் ஆகட்டும். அண்ணனே சிரிக்கிறார், பாருங்கள்.

இப்போது ரோலருக்கு வருகிறேன். வெளியிலிருந்து வந்திருக்கும் தலைவர் அவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் தினமும் அதன் அனலில் நிற்பவர்கள். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தேய்த்து உலர்த்தித் தரும் பெரிய சூட்டு உருளை அது. விரிப்போடு கை போய்விட்டால் நிறுத்துவதற்கு, அதன் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். ஒரு இழு இழுத்தால் அந்தக் கணமே நிற்க வேண்டும். அந்தக் கயிறு அறுந்து போனது. நாம் என்ன செய்தோம்? நாம் சலவைக்காரர்கள் ஆயிற்றே! கிழிந்த விரிப்பு ஒன்றை எடுத்தோம். விளிம்பு பிசிறாமல் அழகாகக் கிழித்தோம். முறுக்கினோம், முடிந்தோம், மூட்டு தெரியாமல் இரண்டு முனையிலும் கட்டினோம். பார்த்தால் புதுக் கயிறு தோற்றுப்போகும். அவ்வளவு அழகு! ஆனால் துணி இழுத்தால் நீளும். கயிறு நிறுத்தும், துணி யோசித்து நிறுத்தும்.

புதுக் கயிறும் அதோடு சேர்ந்த சுவிட்சும் மாற்ற ரோலரை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் குழுவுக்கு மட்டும்தான். குழுவில் நமக்காக இருந்தவரிடம் போய்ச் சொன்னோம். ஆகட்டும் என்றார். அவர் மேலாளரிடம் சொன்னார். இந்த மாதம் விரிப்புகள் அதிகம், அடுத்த மாதம் பார்க்கலாமே என்றார் மேலாளர். அதற்கும் அண்ணன் ஆகட்டும் என்றார்.

அந்த அடுத்த மாதத்துக்குள்தான் அம்மாவின் கை உள்ளே போனது.

அம்மா இடது கையால் இழுத்தார். துணி நீண்டது. அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள்தான். இரவெல்லாம் மருத்துவமனை வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் இருந்த என்னை, அம்மாவின் இடத்தில் வைத்து, உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டவர்கள் நீங்கள். அந்த அன்பை நான் குறைசொன்னால் என் நாக்கு கூசும். ஆனால் அதே அன்புதான் சற்றுமுன் ஒன்பது சீட்டாக என் பெயரில் விழுந்திருக்கிறது. அதே அன்பினால்தான் அதோ அந்த அக்கா பேருந்தில் இடம் விட்டு எழுந்திருப்பதைப் போல எழுந்து, நீ உட்காரும்மா என்கிறார்.

அக்கா, இது பேருந்து இருக்கை இல்லை. நீங்கள் எழுந்தால் நான் உட்காருவதோடு முடிந்துவிடாது. வருகிற திங்கட்கிழமை என் அம்மா வேலைக்குத் திரும்புகிறார். விரல்கள் மடங்கத் தொடங்கிவிட்டன, இனி வேலை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்த வேலைக்கு? அதே ரோலருக்கு. எந்தக் கயிற்றை நம்பி? இங்கிருந்தே தெரிகிறது, கதவு வழியாக எட்டிப் பாருங்கள். வெள்ளையாக, அழகாக, அதே விரிப்புத் துணி.

ஆகையால் எனக்கு யார் வர வேண்டும் என்பதில் இரக்கம் இல்லை, உபசாரம் இல்லை, கூச்சம்கூட இல்லை. ரோலரை நிறுத்தச் சொல்லக்கூடிய ஒருவர் வர வேண்டும்.

என்ன சொன்னீர்கள் மாமா? உன் அம்மாவுக்கு நடந்ததுதானே, நீ போனால் கேட்கமாட்டாயா என்கிறீர்களா? நல்ல கேள்வி. கேட்டேன் மாமா. போன மாதம் மெக்கானிக் வந்தபோது நானே போய்க் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? அவர் திரும்பிப் பார்க்கும்வரை பின்னால் நின்றேன். அவர் திரும்பியதும், ஒன்றுமில்லை சார் என்றேன். பிறகு ஒருவழியாகச் சொன்னேன். "நாளைக்குப் பாக்கலாம் பாப்பா" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். நன்றி வேறு சொன்னேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதே மெக்கானிக் ஆவி அக்காவிடமும் ஒருமுறை நாளைக்கு என்று சொன்னார். நீராவிக் குழாயில் கசிவு. அக்கா என்ன செய்தார்? சண்டை போட்டாரா, சத்தம் போட்டாரா? மெக்கானிக்கின் கருவிப் பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "நாளைக்கு வர்றவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும் தம்பி, நானும் இருக்கேன்" என்றார். மெக்கானிக் கெஞ்சினார். அக்கா டம்ளரில் டீ வாங்கி அவருக்கும் ஒன்று கொடுத்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ ஆறுவதற்குள் கசிவு நின்றது!

அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தவர் குழு அறை நாற்காலியில் உட்கார வேண்டாமா? அடுத்த மாதம் என்று சொல்பவரின் முகத்தைப் பார்த்து இந்த வாரம் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டாமா? அவருடைய பெயர் இரண்டாவது வருடமும் முதல் சுற்றிலேயே விழ, நாம் இரண்டாவது வருடமும் வாசற்படியில் உட்கார்ந்து, நினைத்தது ஒன்று எழுதியது ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம் என்று ஒரு குரல் கேட்கிறது. ஒரு குரல் போதாது. அடுத்த சுற்றில் அது சீட்டில் இருக்க வேண்டும்.

என்னை விரும்பி எழுதிய ஒன்பது பேரே, நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை எண்ணினால் ஒன்பதுக்குமேல் வருகிறது. ஆகவே அதிலும் கொஞ்சம் உபசாரம்தான். உங்களுக்கு என்மேல் அன்பு இருந்தால் மதியம் என் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க உதவுங்கள். அதன் மூடி இறுகிக் கிடக்கிறது. மடிப்பு கோணினால் திட்டுங்கள். மழை பெய்தால் குடைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்புக்கு ஆயிரம் இடம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் மட்டும் அதை மடித்துப் போடாதீர்கள். இதற்குள் போக வேண்டியது, உங்களுக்கு யார் வேண்டும் என்பது ஒன்றே ஒன்று. அண்ணன்தான் வேண்டும் என்றால் அண்ணனை எழுதுங்கள். அண்ணிதான் வேண்டும் என்றால் அண்ணியை எழுதுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு இன்னொருவரை எழுதாதீர்கள். அதுமட்டும் போதும்.

ஆவி அக்கா, கடைசியாக உங்களிடம் ஒன்று. இத்தனை பேர் முன்னால் உங்களை எதிர்த்துப் பேச எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த மேஜைத் துணியின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டேதான் நிற்கிறேன். ஆனாலும் சொல்கிறேன். அடுத்த சீட்டில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். அசிங்கம் இல்லை அக்கா. என் அம்மாவின் கைக்காக எழுதுங்கள். இந்தக் கூடத்தில் அந்தப் பெயரை முதலில் நம்ப வேண்டியவர் நீங்கள்.

தலைவர் அவர்களே, ஒரு விளக்கம் வேண்டும். அக்கா விலகுவதாக வாயால் சொன்னார். அது செல்லுமா? செல்லாதா? விலகுகிறவர் பலகைக்கு வந்து தன் பெயரைத் தானே அழித்தால்தான் செல்லுமா? அக்கா இன்னும் அழிக்கவில்லையே? அப்படியானால் இப்போது நான் அழித்துவிட்டால்? அக்கா மூவரில் ஒருவராக அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார், அப்படித்தானே?

நன்றி ஐயா. எனக்குக் கேட்க வேண்டியது கேட்டுவிட்டது.

அக்கா, எழுந்திருக்காதீர்கள். பலகைக்கு நான்தான் பக்கத்தில் இருக்கிறேன்.

பேசத் தெரியாத பெண்ணின் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு நன்றி. நான் தயங்கியபோதெல்லாம் பேசும்மா, பேசும்மா என்று பின்வரிசையிலிருந்து தள்ளிவிட்ட தாய்மார்களுக்கு நன்றி. தன் கதையைச் சொல்ல விட்ட அம்மாவுக்கு நன்றி. கூடியிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

இதோ, என் பெயரை அழிக்கிறேன்.